வெயிலில் வாங்கி மழையில் ஓட்டுகிற சைக்கிள்

ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிற, பழுது பார்க்கிற, பழைய வண்டி வாங்கி விற்கிற தம்பி தங்கச்சிகளுக்கு,

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். "ஐயா, செகண்ட் ஹேண்டில மவுண்டன் பைக் எடுக்கப் போறோம். முன்னால மட்டும் ஷாக் அப்சார்பர் இருக்கிறத எடுக்கவா, ரெண்டு பக்கமும் இருக்கிறத எடுக்கவா, ஷாக்கே இல்லாதத எடுக்கவா?" என்று கேட்டீர்கள். நான் நேராகப் பதில் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு, அடடா, சொல்லாமல் விட்டோமே, இந்தப் பிள்ளைகள் எதையாவது வாங்கி எங்காவது போய் விழுந்துவிடுமோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். கருத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கவலைப்படுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. ஏரியைச் சுற்றி வர என் கடையில் ஒரு மணி நேரத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு போனவர் பத்து நிமிடம் தாமதித்தால் போதும், அவர் வண்டியோடு ஏரிக்குள் போய்விட்டார் என்றே முடிவு செய்துவிடுவேன். ஒரு தடவை மதுரையிலிருந்து வந்த புது மாப்பிள்ளையும் பெண்ணும் திரும்பவில்லை என்று படகுக்காரரைக் கெஞ்சி, படகில் ஏறி, தண்ணீருக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே பாதி ஏரி போனேன். அவர்கள் கரையில் உட்கார்ந்து சுட்ட மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். "என்னண்ணே, மீன் பிடிக்கிறீங்களா?" என்று அந்த மாப்பிள்ளை கையை ஆட்டினார்.

இப்படிப்பட்டவன் இந்தத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது எப்படி என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். செயின் மாட்டுவது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுபதுகளில் கொடைக்கானலில் நல்ல பழைய சைக்கிள் கிடைக்கிற பருவம் ஒன்றே ஒன்றுதான். மே மாதம். மிஷன் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்த வெளிநாட்டு வாத்தியார்களும் அவர்கள் குடும்பங்களும் ஊருக்குக் கிளம்புகிற மாதம் அது. கொண்டுபோக முடியாத சாமான்களை எல்லாம் பங்களா புல்வெளியில் பரப்பி விற்பார்கள். கம்பளி, கேக் தட்டு, குடை, பூட்ஸ், அவற்றோடு சைக்கிள். நல்ல வெயிலில் துடைத்து, எண்ணெய் போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி நிறுத்தியிருப்பார்கள். நாங்களும் அந்த வெயிலில் ஓட்டிப் பார்த்து, மயங்கி, வாங்கி வருவோம்.

இதில்தான் என் முதல் பெரிய தப்பு நடந்தது. சவரி என்று ஒரு ரொட்டிக்காரர். பங்களா பங்களாவாகக் காலையில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பவர். அவருக்கு ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டார். நான் ஒரு மே மாத விற்பனையில் பச்சை நிறத்தில், மூன்று கியர் வைத்த சீமை சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ரிம் இரண்டும் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளக்கும். ஏரிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், பிரேக் பிடித்தால் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. சவரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அக்டோபரில் மழை பிடித்தது. ஒரு காலையில் சவரி ரொட்டிப் பெட்டியோடு இறக்கத்தில் வருகிறார். பிரேக்கைப் பிடிக்கிறார். வண்டி நிற்கவில்லை. மேலும் அழுத்திப் பிடிக்கிறார். இன்னும் வேகமாகப் போகிறது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பளபளப்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வழுக்கல். வளைவில் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் விழுந்தார். எலும்பு தப்பியது, நாற்பது ரொட்டி சேற்றில்.

செய்தி கேட்டு நான் ஓடினேன். தோட்டக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "ஏலே, ரொட்டிக்காரரே! கோசு வேணும்னா வாசல் வழியா வந்து கேட்டா குடுக்க மாட்டேனா? இப்படியா பறந்து வருவாக?" சவரி சேற்றிலிருந்து தலையைத் தூக்கி என்னைக் காட்டினார். "என்னைக் கேக்காதீக. வண்டி வாங்கிக் குடுத்த மகராசன் அந்தா நிக்கிறாரு, அவரைக் கேளுங்க."

தோட்டக்காரர் சிரித்துவிட்டார். சவரியும் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வருடத்தில் பாதி நாள் மழையும் மஞ்சு என்கிற மூடுபனியும் இருக்கிற ஊரில், மழையே இல்லாத நாளாகப் பார்த்து, மேடு பள்ளமே இல்லாத ஏரிச் சாலையில் ஓட்டிப் பார்த்து நாங்கள் வண்டி வாங்கிக்கொண்டிருந்தோம். இந்தத் தப்பைக் கொடைக்கானல்காரனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. கீழே வத்தலக்குண்டில் இருக்கிறவனுக்கு இந்த வாய்ப்பே கிடையாது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த பயம் கொஞ்சநஞ்சமில்லை. வண்டி வாங்கப் போனால் பிரேக்கைப் பார்ப்பேன், ஸ்போக்ஸைத் தட்டுவேன், துரு தேடுவேன், பிரேம் வளைந்திருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்ப்பேன், பெல் அடிப்பேன், திரும்பவும் பிரேக்கைப் பார்ப்பேன். கடைசியில் எதையும் வாங்காமல் திரும்பி வருவேன். இரண்டு மே மாதம் அப்படியே போய்விட்டது.

அப்போது காய்கறி லாரி ஓட்டுகிற ஒருவர் டீக்கடையில் பழக்கம். என் வயதுதான் இருக்கும். பேர் கேட்டதில்லை, லாரிக்காரர் என்றே கூப்பிடுவேன். பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்குகிறவர். "உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயம் இல்லாம இருக்குமாய்யா? பிரேக்கு, டயரு, எதுக்க வர்ற பஸ்ஸு, மஞ்சு, ரோட்டுல கெடக்குற கல்லு, எல்லாத்துக்கும் பயந்தான்."

"அப்புறம் எப்படி ஓட்டுறீங்க?"

"ஒரு நேரத்துக்கு ஒன்னுக்கு மட்டும் பயப்படுவேன்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். "மத்தது எல்லாம் வரிசையில நிக்கட்டும்."

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. அடுத்த வாயிலேயே வடையில் உப்பு இல்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விட்டார். ஆனால் எனக்கு அது ஒரு கருவி கையில் கிடைத்த மாதிரி இருந்தது. பயத்தை விடு என்று யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள், முடிந்ததில்லை. பயத்தை வரிசையில் நிறுத்து என்று சொன்னது இவர் ஒருவர்தான்.

இனி எஸ்தர் நர்ஸம்மா கதை. எண்பதுகளின் நடுவில் நடந்தது.

பெருமாள்மலையில் மிஷன் நடத்திய ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. அதில் எஸ்தர்தான் நர்ஸ். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. அங்கிருந்து அடுக்கம் பக்கமாகக் கீழே இறங்குகிற மண்பாதையில் காபித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற குடியிருப்புகளுக்கு வாரம் ஒரு நாள் நடந்தே போய், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருவார். போகவே பாதி நாள், ஏறி வர மீதி நாள். அன்றைக்கு மருந்தகம் பூட்டிக் கிடக்கும். இது சரிப்படாது என்று நிர்வாகக் கமிட்டி முடிவு செய்தது. ஜூலை முதல் மாதத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் டாக்டர் போவார், நர்ஸ் வாரா வாரம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எஸ்தர் என் கடைக்கு வந்து நின்றார். "பாக்கியண்ணே, மாசம் ஒருக்கா போனா என்னத்துக்கு ஆகும்? வயித்துப் பிள்ளைக்காரிக்கு ரத்தக்கொதிப்பு ஏறுறது காலண்டர் பாத்தா ஏறும்? அரை நாள்ல போயிட்டு வந்துருவேன்னு காட்டினா கமிட்டி ஒத்துக்கும். எனக்கு ஒரு சைக்கிள் வேணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ரொட்டி சேற்றில் விழுந்தால் வேறு ரொட்டி சுடலாம். இது அப்படியா? "வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன்.

"வேற யாரும் இவ்வளவு பயப்பட மாட்டாங்கண்ணே. அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றார். என் கவலையை ஒரு தகுதியாக யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மே மாத விற்பனையை ஒரு விடுதி மேட்ரன் நடத்தினார். கண்டிப்பான தமிழம்மா, கையில் மணி வைத்திருப்பார். ஏலம் கிடையாது, சீட்டுதான். மிஷன் ஊழியர்களுக்கும் அழைத்த சிலருக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. வேண்டிய சாமானில் உங்கள் பேர் எழுதிய சீட்டை ஒட்டிவிட வேண்டும், ஒரு சாமானுக்கு ஒரு சீட்டுதான். பதினொரு மணிக்கு மேட்ரன் மணி அடிக்கும்போது எதில் உங்கள் சீட்டு இருக்கிறதோ அது உங்களுக்கு. அதுவரை சீட்டை எடுத்து வேறு சாமானில் ஒட்டலாம், ஆனால் எடுத்துவிட்ட சாமானுக்குத் திரும்பி வர முடியாது. இன்னொரு விதியும் உண்டு. சீட்டு ஒட்டியவர் மட்டுமே அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கலாம், அல்லது அவர் சொல்கிற ஆள். எனக்குச் சீட்டு கிடையாது, நான் நர்ஸம்மாவின் ஆளாகத்தான் போனேன்.

மூன்று சைக்கிள் நின்றன. ஒன்று குனிந்து ஓட்டுகிற ரேஸ் வண்டி, விரல் தடிமன் டயர். மண்பாதைக்கு ஆகாது, அதை ஒரே பார்வையில் விட்டுவிட்டோம். இரண்டாவது நீல நிற லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடை, மூன்று கியர், சேலை மாட்டாமல் இருக்கச் சக்கரத்துக்கு வலை, பளபளவென்று ரிம். நான் போவதற்குள் எஸ்தர் அதில் சீட்டு ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு நீங்கள் மவுண்டன் பைக் என்கிறீர்களே, அந்த வகை. அது மாதிரி வண்டியை அதற்கு முன்பு நான் தொட்டதுகூட இல்லை. தடித்த டயர், அதில் கட்டை கட்டையாகப் பற்கள். ஹேண்டில் பார் எருமைக் கொம்பு மாதிரி அகலம். கியர் எண்ணி மாளவில்லை. முன்னால் குறுக்கே பார் வேறு. "டிராக்டருக்கும் சைக்கிளுக்கும் பொறந்த பிள்ளை மாதிரில்ல இருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற ஓட்டல் மேனேஜர். அவருக்கும் ஒரு சீட்டு இருந்தது. தேனிலவுக்கு வருகிறவர்களுக்காக நீலச் சைக்கிள் அவருக்கு வேண்டும். எஸ்தர் சீட்டை எடுத்தால் அடுத்த நொடி ஒட்டிவிடத் தயாராக நின்றார். அந்தக் கொம்பு வண்டியின் சொந்தக்காரரான சயின்ஸ் வாத்தியார் முந்தின வாரமே விமானம் ஏறிவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

"என்னண்ணே, நீலம் நல்லாத்தான இருக்கு?" என்றார் எஸ்தர்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் நேராகத் தோட்டக்காரரிடம் போய் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளியைக் கேட்டு வாங்கி வந்தேன். நீலச் சைக்கிளின் இரண்டு ரிம்மிலும் நன்றாக ஊற்றினேன்.

மேட்ரன் பதறிக்கொண்டு வந்தார். "பாக்கியம்! என்ன பண்றீங்க? காலையில இருந்து துடைச்சு வச்ச வண்டி அது!"

"மழை பெய்யுதுங்கம்மா" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேனேஜர் குடையை விரித்துக் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்து பங்களா வாசலிலிருந்து கேட் வரை இறங்குகிற சிமெண்டுப் பாதையில் வண்டியை விட்டேன். பாதி தூரத்தில் பிரேக் பிடித்தேன். பிடித்துக்கொண்டே போனேன். போய்க்கொண்டே இருந்தேன். கேட்டைத் தாண்டிச் செடி வேலிக்குள் முகத்தை விட்டபோதுதான் வண்டி நின்றது. எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதால் காலை ஊன்றித் தப்பித்தேன்.

தலையில் இலையோடு திரும்பி வந்தேன். எஸ்தர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "பிரேக் கட்டைய மாத்திட்டா?"

"கட்டைய மாத்தலாம்மா. ரிம்ம மாத்த எனக்கு வழி தெரியல. கோளாறு ரிம்முலதான்."

மணி பத்தே முக்கால். அடுத்த விற்பனை அடுத்த மே மாதம். கமிட்டியின் ஜீப் ஜூலையில். நான் கொம்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ரிம் அலுமினியம், மங்கலாக இருந்தது. பிரேக் கட்டை ஒவ்வொன்றும் கட்டை விரல் நீளம். பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, நனைத்து, பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. ஆனால் ஆள் பாரம் இல்லாமல் சக்கரம் நிற்பதில் என்ன இருக்கிறது? ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் எஸ்தர் சீட்டை மாற்ற வேண்டும். மாற்றினால் நீலம் போய்விடும். இதுவும் நிற்காவிட்டால் அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் மண்டைக்குள் கவலைகள் சந்தைக் கூட்டம் மாதிரி முண்டின. இந்த டயர் தேய்ந்தால் எங்கே வாங்குவது? கியர் கெட்டால் யார் பார்ப்பது? சேலை கட்டியவர் இந்தப் பாரைத் தாண்டி எப்படி ஏறுவது? மருந்துப் பெட்டி வைக்கக் கேரியர் இல்லையே? லாரிக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் பிடித்து வரிசையில் நிறுத்தினேன். முன்னால் வந்து நின்றது ஒன்றே ஒன்று. நனைந்த இறக்கத்தில் இந்த அம்மா நிற்க முடியுமா? மற்றது எதுவும் அவரைக் கொல்லாது.

எஸ்தரிடம் சொன்னேன்: "அம்மா, எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். நீலம் மழையில நிக்காது, அது நிச்சயம். இந்தக் கொம்பு வண்டி நிக்கும்னு தோணுது, ஆனா நிச்சயமில்ல. ஓட்டிப் பாக்காமச் சொல்ல முடியாது. டயர் எங்க கிடைக்கும்னு தெரியாது. கியர் எனக்குப் புதுசு. பார் இருக்கிறதால சேலையோட ஏற முடியாது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சேலைய நான் மாத்திக்கலாம். ரிம்ம உங்களால மாத்த முடியாதுங்கிறீங்க. அப்புறம் என்ன யோசனை?" என்று நீலச் சைக்கிளிலிருந்து சீட்டைப் பிய்த்தார்.

மேனேஜர் சீட்டை ஒட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு வேகம்.

"சேலைய மாத்திட்டு என்ன போடப் போற?" என்றார் மேட்ரன்.

"பேண்ட்டு தைக்கப் போறேன் மேடம். வெள்ளையில."

"நர்ஸம்மா பேண்ட்டு போட்டா ஊரு என்ன சொல்லும்?"

"ஒன்னும் சொல்லாது மேடம். ஊருக்கே நான்தான ஊசி போடுறேன்."

மேட்ரன் சிரிப்பை அடக்க மணியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்டக்காரர் இந்தத் தடவை நான் கேட்காமலே பூவாளியை நிரப்பிக்கொண்டு வந்து கொம்பு வண்டியைக் குளிப்பாட்டினார். ஏறி உட்கார்ந்தேன். வண்டியை விட்டேன். பாதி தூரத்தில் பிரேக்கைப் பிடித்தேன். ஒரு நொடி வழுக்கியது, பிறகு கவ்விப் பிடித்தது பாருங்கள், நான் ஹேண்டில் பார் மேலே ஏறி முன் சக்கரத்தைக் கட்டிக்கொண்டேன். கேட் வருவதற்குப் பத்தடி முன்னாலேயே நின்றது. பின்னால் எஸ்தர் கை தட்டினார். மேட்ரன் மணி அடித்தார்.

ஓட்டல் மேனேஜரிடமும் உண்மையைச் சொன்னேன். "சார், நீங்க வாங்கினத ஏரிச் சாலையோட வச்சுக்கங்க, இறக்கத்துக்கு விடாதீங்க" என்றேன். அவரும் அப்படியே செய்தார். நீலச் சைக்கிள் பல வருடம் புதுப் பெண்டாட்டிகளைச் சுமந்துகொண்டு ஏரியைச் சுற்றியது, ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. தப்பான வண்டி என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். அது எந்தப் பாதைக்குச் சரி என்று வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

வரிசையில் நின்ற மற்றக் கவலைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். வத்தலக்குண்டில் ஒரு பற்றவைப்புப் பட்டறையில் இரும்புக் கேரியர் செய்து மாட்டினேன். கியரைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். டயர் மூன்று வருடம் தாங்கியது, அதற்குள் மதுரையில் தடித்த டயர் வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. அந்த மூன்று வருடமும் டயரைப் பற்றி நான் பட்ட கவலை அத்தனையும் வீண்.

ஜூன் மாதம் எஸ்தர் வெள்ளைப் பேண்ட்டில் அடுக்கம் பாதையில் இறங்கி மத்தியானத்துக்குள் திரும்பி வந்து காட்டினார். ஏற்றத்தில் பாதி மிதித்து, பாதி தள்ளிக்கொண்டு. கமிட்டி, வருடக் கடைசி வரை பார்க்கலாம் என்று டாக்டர் ஜீப்போடு வாராந்திர வருகையையும் விட்டுவைத்தது.

பிறகு அக்டோபர் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்தான் எஸ்தர் இறங்குகிற நாள். நான் பூவாளியால் ஊற்றியது எவ்வளவு தண்ணீர், இது எவ்வளவு தண்ணீர் என்று யோசித்தேன். கடையைத் திறக்கவே இல்லை. வெள்ளனே முதல் பஸ் பிடித்துப் பெருமாள்மலையில் இறங்கி, அடுக்கம் பாதையில் ஒரு மைல் நடந்து, மோசமான வளைவு ஒன்றில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விழுந்தால் தூக்குவதற்கு.

மஞ்சுக்குள் மணிச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு கொம்பு வண்டி வந்தது. என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார். சேறும் தண்ணீருமான அந்த இறக்கத்தில் வண்டி என் குடைக்கு நேராக வந்து நின்றது.

"என்னண்ணே, இங்க என்ன சோலி?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்மா."

"இந்தப் பாதையில பஸ்ஸே கிடையாதுண்ணே."

அவர் புரிந்துகொண்டார். மழை முகத்தில் வழிய என்னையே பார்த்தார். "நீங்க தேர்ந்து குடுத்த வண்டிதான? ஏறுங்க பின்னாடி. பெட்டிய மடியில வச்சுக்கங்க. கீழ வயித்துப் பிள்ளைக்காரி ஒருத்திக்குக் கால் வீங்கிக் கெடக்குன்னு நேத்து ஆள் வந்துச்சு. வெரசாப் போகணும்."

தம்பி தங்கச்சிகளே, அடுத்தவருக்கு நூறு வண்டி தேர்ந்து கொடுத்திருக்கிறேன். மழையில் நனைந்த மலை இறக்கத்தில் அதன் கேரியரில் நானே ஏறி உட்கார வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. குடையை மடக்கினேன். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் நான் போட்ட சத்தம் அடுக்கம் வரை கேட்டிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒரு நொடி வழுக்கி, பிறகு கவ்விப் பிடித்தது.

கீழே அந்தப் பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு எகிறிக் கிடந்தது. எஸ்தர் தோட்டத்து ஜீப்பை வரவழைத்து அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அடுத்த வாரம் தாயும் பெண் குழந்தையுமாக நல்லபடியாகத் திரும்பினார்கள். மாதம் ஒரு தடவை வரும் டாக்டர் ஜீப் அந்தப் பாதைக்கு வர அன்றைக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. டிசம்பர் கமிட்டியில் எஸ்தர் அந்தப் பதினாறு நாள் கணக்கை மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவருடைய வாராந்திர வருகையை நிறுத்துவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முன்னால் ஷாக்கா, பின்னாலும் ஷாக்கா, ஷாக்கே வேண்டாமா? ஓட்டப் போகிறவர் யார், எந்தப் பாதை, எந்த மாதம் என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் அந்த வண்டிக்குக் கேரியர் மாட்டி, 'மழை நாளில் இதில் நான் ஏறி உட்காருவேனா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் உட்கார்ந்தேன். ஆனால் எப்படி உட்கார்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழே குடியிருப்பில் வண்டி நின்று, மழை விட்டு, சுற்றிலும் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எஸ்தர் என் தோளைத் தட்டினார்.

"வந்தாச்சுண்ணே. கண்ணத் தெறங்க."